பீப்பா அடுப்புக்கு எந்த வயர்லெஸ் வெப்பமானி?

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் விளங்கும்படி முதலில் சொல்லிவிடுகிறேன். திருகோணமலைக்குப் பக்கத்தில், நிலாவெளியில் சிறிய விடுதி. எண்ணெய்ப் பீப்பாவை நீளவாக்கில் வெட்டி, பிணைச்சல் வைத்து மூடி போட்ட அடுப்பு. பின்னேரங்களில் விருந்தினருக்குக் கோழியும் மீனும், முன்கூட்டிச் சொன்னால் ஆட்டுக்காலும் சுட்டுக் கொடுக்கிறீர்கள். ஆவணியில் அக்கா கனடாவிலிருந்து வருகிறார், வயர் இல்லாத இறைச்சி வெப்பமானி ஒன்று கொண்டுவரச் சொல்லலாம் என்று நினைக்கிறீர்கள். ‘மீட்டர் பிளஸ்’ (Meater Plus, வயர் வால் இல்லாத ஊசி) நல்லதா, வேறு ஏதும் வாங்கலாமா, எத்தனை மீற்றர் ரேஞ்ச் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் பதில், ஒன்று அல்ல, இரண்டு சாமான் வாங்குங்கள். முதலாவது வயர்லெஸ்ஸே இல்லாதது. குத்தினால் இரண்டு மூன்று விநாடியில் எண்ணைக் காட்டிவிட்டு மடித்துச் சட்டைப்பைக்குள் போடுகிற கை வெப்பமானி. இரண்டாவது, நீண்ட நேரம் மூடி வைத்துச் சமைப்பதற்கானது. ஊசிகளுக்கு வயர் இருக்கும், எண் மட்டும் காற்றில் உங்களிடம் வரும். நீங்கள் ஆசைப்படுகிற, வாலே இல்லாத ஊசி இந்த இரண்டுக்கும் பிறகு, காசு மிச்சம் இருந்தால். ரேஞ்ச் பற்றிய கவலையைக் கடைசிக்குத் தள்ளுங்கள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவதால்தான் அது முதல் கேள்வியாக வருகிறது.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், ‘வயர்லெஸ்’ என்று பெட்டியில் போட்டு வருவது மூன்று வகைச் சாமான். ஒன்று, இறைச்சியில் குத்தும் ஊசியிலிருந்து வயர் மூடி இடுக்கால் வெளியே வந்து ஒரு சிறு பெட்டியில் சேரும். அந்தப் பெட்டி றேடியோ அலையில் உங்கள் கையில் உள்ள இன்னொரு பெட்டிக்கு எண்ணை அனுப்பும். போனே தேவையில்லை. இரண்டாவது வகையும் அப்படித்தான், ஆனால் எண் புளூடூத்திலோ வைஃபையிலோ போனுக்குப் போகும். மூன்றாவது, வயர், பெட்டி எதுவும் வெளியே இல்லாமல், பற்றரியும் அனுப்பியும் ஊசிக்குள்ளேயே அடங்கியது. நீங்கள் கேட்கும் மீட்டர் இந்த மூன்றாவது வகை. 2015 இல் கிக்ஸ்டார்ட்டரில் மக்களிடம் முன்பணம் திரட்டித் தொடங்கிய சாமான் அது. 2021 இல் புகை அடுப்புச் செய்யும் அமெரிக்க நிறுவனமான ட்ரேகர் அந்தக் கம்பனியை வாங்கிவிட்டது. நல்ல சாமான்தான், குறை சொல்லவில்லை. ஆனால் எந்த அடுப்புக்கு, எந்த இறைச்சிக்கு என்பதில் எல்லாம் இருக்கிறது.

அந்த ஊசி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அதன் வரம்புகளும் தானாக விளங்கிவிடும். முன்பாதி இறைச்சிக்குள் போகிறது, நுனியில் உள்வெப்பத்தைப் பார்க்கும் உணரி இருக்கிறது. வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் பின்முனை அடுப்பின் வெப்பத்தைப் பார்க்கிறது. பற்றரியும் சிப்பும் முன்பாதியில்தான். அவை உள்ளே வேகாமல் இருப்பதற்குக் காரணம் இறைச்சியே. இறைச்சியில் பெரும்பங்கு நீர், நீர் இருக்கும் வரை அது 100 பாகையைத் தாண்டாது. அதனால்தான் பழைய மீட்டருக்கும் மீட்டர் பிளஸ்ஸுக்கும் உள்ளே 100 பாகை செல்சியஸ், வெளியே 275 பாகை என்று வரம்பு போட்டிருக்கிறார்கள். ஊசியில் ஒரு கோடு கீறியிருக்கும். அந்தக் கோடு மறையும் வரை குத்த வேண்டும் என்று அவர்கள் சொல்வது அழகுக்கு இல்லை. கோடு வெளியே தெரிந்தால் பற்றரி நேரே அனலில் நிற்கிறது என்று அர்த்தம்.

இப்போது உங்கள் அடுப்பைப் பாருங்கள். சிரட்டைக் கரி போடுகிறீர்கள். சிரட்டைக் கரித் தணல் நன்றாகப் பிடித்த பிறகு, கம்பி வலைக்கு நேர் மேலே 275 பாகை என்பது பெரிய விடயமே இல்லை. அதிலும் கோழித் தோலின் கொழுப்பு உருகி விழுந்து ஒரு கணம் சுவாலை எழும்பினால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பின்முனையைத்தான் முதலில் நக்கும். தணலை ஒரு பக்கம் ஒதுக்கி, இறைச்சியை மறுபக்கம் வைத்து மூடிச் சுடுகிறவருக்கு இந்தப் பிரச்சினை இல்லை. நேரே தணலுக்கு மேல் வைத்துச் சுடுகிறவருக்கு இந்த வகை ஊசி சரிவராது. பின்னர் வந்த ‘மீட்டர் 2 பிளஸ்’ (இப்போது ‘மீட்டர் புரோ’ என்று பெயர்) வெளியே 500 பாகை வரை தாங்கும் என்கிறார்கள், உள்ளே ஐந்து உணரிகளும் இருக்கின்றன. வாலில்லா ஊசிதான் வேண்டும் என்று நின்றால் அதை வாங்குங்கள், பழையதை வேண்டாம்.

அடுத்தது மீன். உங்கள் அடுப்பில் விழுவதில் பாதி மீன்தானே. பழைய மீட்டர் ஊசியின் தடிப்பு 6 மில்லிமீற்றர், நீளம் 13 சென்ரிமீற்றர். ஒன்றரைக் கிலோ பாறை மீனை முழுதாகச் சுடும்போது அதன் தோள்ப்பக்கம் எவ்வளவு தடிப்பு இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கோடு மறையக் குத்த இடம் கிடைத்தாலும், வெந்து வரும் மீனுக்குள் அத்தனை தடித்த கம்பி இருந்தால் சதை செதில் செதிலாகப் பிரிந்து தட்டுக்கு வரும்போது ஓட்டை தெரியும். கணவாய்க்கும் இறாலுக்கும் எந்த ஊசியும் தேவையில்லை, கண் போதும். மீனுக்கு வேண்டியது நுனி மெலிந்த கை வெப்பமானி, அதுவும் கடைசி இரண்டு நிமிடத்தில் மட்டும்.

ஆகவே கை வெப்பமானியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், முழு அடுப்பும் அதன் தலையில்தான் நடக்கப் போகிறது. இந்த வகையில் பெயர் பெற்றது அமெரிக்காவின் தெர்மோவேர்க்ஸ் விற்கும் தெர்மாபென். ‘தெர்மாபென் வன்’ ஒரு விநாடியில் எண்ணைக் காட்டும், பிழை கூடினால் 0.3 பாகை. உள்ளே இருப்பது தெர்மோகப்பிள், அதாவது இரண்டு வேறு உலோகக் கம்பிகள் நுனியில் ஒட்டிய சங்கதி. நுனி மிகச் சிறியது என்பதால்தான் அந்த வேகம். மலிவானவற்றில் பெரும்பாலும் சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் தெர்மிஸ்டர் இருக்கும், மூன்று நான்கு விநாடி எடுக்கும், விலையோ அதில் ஐந்தில் ஒன்றாகவும் இருக்கலாம். விடுதிக்கு அந்த மலிவு வகையே போதும். ஒரு நிபந்தனை: நுனி மெல்லியதாக இருக்க வேண்டும். இருட்டில் எண் தெரியத் திரைக்கு வெளிச்சமும் இருக்கட்டும். நீங்கள் சுடுவது பொழுது பட்ட பிறகு, கடற்கரை ஓரத்தில், ஒரு கையில் இடுக்கியோடு. போன் டோர்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு எண் வாசிக்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, இனி மூடிய அடுப்பு. ஆட்டுக்கால், முழுக்கோழி, பன்றித்தோள் என்று இரண்டு மணி முதல் எட்டு மணி வரை போகிற சமையல். இங்கேதான் தூரத்திலிருந்து பார்ப்பதில் உண்மையான பயன். மூடியைத் திறக்கத் திறக்க அனல் போய்விடும், திறக்காமல் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

ரேஞ்ச் கேட்டீர்களே, அதை இங்கேயே முடித்துவிடுகிறேன். பழைய மீட்டருக்கு 10 மீற்றர் என்றும், பிளஸ்ஸுக்கு 50 மீற்றர் என்றும் பெட்டியில் இருக்கும். அது தடை எதுவும் இல்லாத வெட்டைவெளியில். புளூடூத் போகும் அலை 2.4 கிகாஹேர்ட்ஸ், நீர் அதை நன்றாக விழுங்கும். உங்கள் ஊசி புதைந்திருப்பதோ நீர் நிறைந்த இறைச்சிக்குள். அந்த இறைச்சி இருப்பது நாலு பக்கமும் இரும்பாலான பீப்பாவுக்குள். அலை தப்பி வருவது மூடி இடுக்காலும் புகை போகும் துளையாலும் மட்டும். அதற்குப் பிறகு சீமெந்துச் சுவர். பெட்டியில் உள்ள எண்ணில் பெரும்பகுதி இப்படியே போய்விடும். பிளஸ்ஸில் சார்ஜ் பெட்டியே இடையில் நின்று அலையை வாங்கி மறுபடி அனுப்புகிறது, அதனால் பெட்டியை அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் வைத்தால் நிலைமை எவ்வளவோ பரவாயில்லை. இல்லாவிட்டால் வீட்டில் கிடக்கும் பழைய போன் ஒன்றை அடுப்பருகே வைத்து, அதிலிருந்து வைஃபை வழியே உங்கள் போனுக்கு எடுக்கலாம். ஒரு வெப்பமானிக்கு ஒரு போனைக் காவல் வைப்பது எனக்கு ஒத்துவராது, உங்களுக்கு எப்படியோ.

வயர் உள்ள வகையில் இந்தத் தலைவலியே இல்லை. அலை அனுப்பும் பெட்டி பீப்பாவுக்கு வெளியே நிற்கிறது. இரும்பைத் தாண்ட வேண்டிய வேலை வயருடையது, அது சுலபமாகத் தாண்டும்.

வைஃபை வகைக்கு நம்மூரில் இன்னொரு சங்கடம், கரண்ட். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை வெட்டிய காலம் யாருக்கும் மறக்காது. 2025 பெப்ரவரியில் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுக்க இருண்ட கதையும் தெரியும். கரண்ட் போனால் ரூட்டர் படுத்துவிடும், ரூட்டர் படுத்தால் எண் வராது, கரியோ தன்பாட்டில் எரிந்துகொண்டிருக்கும். றேடியோவில் நேரே கைப்பெட்டிக்கு அனுப்புகிற வகையோ, புளூடூத்தில் நேரே போனுக்கு அனுப்புகிற வகையோ இதற்கெல்லாம் அசையாது. போனில் மட்டும் இயங்கும் சாமானில் இன்னொரு பயம் எனக்கு: கம்பனி அந்த ஆப்பைக் கைவிட்டால் ஊசி வெறும் கம்பி. திரை உள்ள பெட்டியோடு வந்தால் அந்தப் பயம் இல்லை. கொம்பஸ்டியன் என்ற கம்பனியின் வாலில்லா ஊசி இந்த விதத்தில் எனக்குப் பிடிக்கும். போன் இல்லாமலே எண் காட்டும் தனிப்பெட்டி அதற்கு உண்டு, ஊசிக்குள் எட்டு உணரிகள். நுனியை எங்கே வைத்தீர்கள் என்பதைவிட இறைச்சிக்குள் எங்கே குளிர் மிச்சம் இருக்கிறது என்பதை அதுவே தேடிக்கொள்ளும். விலைதான் நம்மைப் பார்த்துச் சிரிக்கும்.

றேடியோ வகை வாங்கும்போது ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். அமெரிக்கா, கனடாவுக்கு என்று செய்தவை பல 915 மெகாஹேர்ட்ஸில் பேசும். இங்கே 900 சொச்சத்தில் கைபேசி நிறுவனங்கள் இருக்கின்றன, அதன் ஓரத்தில் போய் நிற்க வேண்டாம். 433 மெகாஹேர்ட்ஸ் வகை கிடைத்தால் அதை எடுக்கலாம். புளூடூத், வைஃபை எந்த நாட்டிலும் ஒன்றே, அவற்றில் இந்தக் கேள்வி எழாது. வைஃபை வாங்குவதானால் பெரும்பாலானவை 2.4 கிகாஹேர்ட்ஸில் மட்டும் சேரும், 5 இல் சேராது. விருந்தினருக்கென்று விடுதி ரூட்டரை 5 இல் மட்டும் விட்டிருந்தால் வெப்பமானி முழித்துக்கொண்டு நிற்கும்.

நான் வயர் வகையின் பக்கம் நிற்பதற்கு உண்மையான காரணம் இன்னும் வரவில்லை. அது அடுப்பின் வெப்பம். புகை போட்டுச் சமைப்பதற்கு அடுப்புக்குள் 107 முதல் 135 பாகைக்குள் வைத்திருக்க வேண்டும் என்பார்கள். வாலில்லா ஊசியின் பின்முனை அதை அளக்கிறது என்று சொன்னேன். ஆனால் அது நிற்பது இறைச்சியை ஒட்டி. குளிர்ந்த, ஈரம் ஆவியாகிக்கொண்டிருக்கும் இறைச்சியைச் சுற்றி எப்போதும் சற்றுக் குளிர்ந்த காற்றுப் போர்வை ஒன்று இருக்கும். முதல் ஒரு மணி நேரத்தில் ஊசி காட்டுவது அந்தப் போர்வையின் வெப்பத்தை. ஆப் 95 என்று காட்ட, நீங்கள் காற்றுத் துவாரத்தைத் திறந்து கரி அள்ளிப் போட, வலை மட்டத்தில் 150 ஏறியிருக்கும். வயர் வகையில் ஓர் ஊசியைக் கிளிப் போட்டு வலையிலேயே, இறைச்சியிலிருந்து நாலு விரற்கடை தள்ளிப் பொருத்தலாம். அதுதான் அடுப்பின் உண்மையான சூடு. பீப்பா மூடியில் வட்டமாக ஒன்று பொருத்தியிருக்கிறீர்களே, அது மூடியின் உச்சிச் சூட்டைச் சொல்கிறது. இறைச்சி அங்கே இல்லை.

இந்த ஊரில் அது இன்னும் முக்கியம். உங்கள் சீசன் சித்திரை முடிந்து புரட்டாதி வரை, அதாவது கச்சான் காற்றுக் காலம். பின்னேரம் வரைக்கும் சூடாக, வரண்டு, மேற்கே இருந்து ஊதும். துவாரம் காற்றைப் பார்த்து இருந்தால் பத்து நிமிடத்தில் கரி சிவந்துவிடும். வலையில் ஓர் ஊசி வைத்து, 140 ஐத் தாண்டினால் கத்தும்படி அலாரம் போட்டுவிடுங்கள். கீழே 100 க்கு விழுந்தாலும் கத்தட்டும். மேல் எல்லை, கீழ் எல்லை இரண்டுக்கும் அலாரம் வைக்க முடியாத பெட்டியை வாங்கவே வேண்டாம்.

எத்தனை ஊசி? இரண்டு கட்டாயம்: ஒன்று வலைக்கு, ஒன்று இறைச்சிக்கு. நாலு இருந்தால் இரண்டு கோழியும் ஓர் ஆட்டுக்காலும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். ஆறு, எட்டு எல்லாம் கலியாண வீட்டுக்கு. தெர்மோபுரோ, இங்க்பேர்ட் போன்ற கம்பனிகள் நடுத்தர விலையில் இந்த வகையைச் செய்கின்றன. எந்தக் கம்பனி என்றாலும் நான் முதலில் பார்ப்பது ஊசி தனியாக விற்பனைக்கு இருக்கிறதா என்று. பெட்டி பல வருடம் இருக்கும், ஊசி இருக்காது. வயர் உலோகத்துக்குள் போகும் அந்தக் கழுத்துப் பகுதியில் ஒரு துளி நீர் போனால் எண் தாறுமாறாக ஓடத் தொடங்கும். சமையல் முடிந்ததும் உங்கள் பொடியன் எல்லாவற்றையும் சேர்த்து வாளித் தண்ணீரில் போட்டுவிட்டால் மறுநாளே அது நடக்கும். ஊசியை ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள், வயரை நனைக்கவே வேண்டாம். வலைக்குக் கீழே தணலோடு வயர் தொடாமல், மேலாகவே கொண்டுவந்து வெளியே எடுங்கள்.

இனி எண்கள். அமெரிக்க விவசாயத் திணைக்களம் சொல்வது: கோழி எந்தப் பாகமானாலும் 74 பாகை, கொத்திறைச்சி 71, முழுத்துண்டு ஆடு, மாடு, பன்றி 63 வந்து மூன்று நிமிடம் ஆற வேண்டும், மீன் 63. பன்றிக்கு முன்பு 71 என்றிருந்ததை 2011 இல்தான் 63 ஆக இறக்கினார்கள். அக்கா கனடா அட்டை ஒன்றோடு வந்தால் அதில் முழுக்கோழிக்கு 82 என்று இருக்கும். அந்த நாட்டுச் சுகாதாரத் திணைக்களம் முழுக்கோழிக்குத் தனியாக அப்படிச் சொல்கிறது. குழம்ப வேண்டாம். நெஞ்சுப்பகுதியின் ஆழத்தில் 74 ஐ நீங்களே குத்திப் பார்த்தால் போதும். தொடை 80 தாண்டினால்தான் மெதுவாக இருக்கும், அது தானாகவே தாண்டியிருக்கும்.

இந்த எண்கள் எல்லாம் ‘சாப்பிட்டால் ஆபத்தில்லை’ என்ற எண்கள், ‘சாப்பிட நன்றாக இருக்கும்’ என்ற எண்கள் அல்ல. ஊர்க்கோழியை 74 இல் இறக்கினால் றப்பர். ஆட்டுக்கால் 63 இல் இறக்கினால் வெளிநாட்டுச் செம்மறிக்குச் சரி, நம் ஆட்டுக்குப் பல் வலிக்கும். அந்த இறைச்சியில் இருக்கும் சவ்வும் நாரும் 70 க்கு மேல்தான் மெல்ல மெல்ல உருகத் தொடங்கும், 90 ஐத் தாண்டும்போதுதான் எலும்பிலிருந்து கழன்று வரும். ஆகவே ஆட்டுக்காலுக்கு 92, 93 வரை போகிற பொறுமை வேண்டும். நம்மூர் மாடு மெலிந்தது, கொழுப்புப் பரவல் குறைவு. அமெரிக்க வீடியோ பார்த்து மாட்டு நெஞ்சைப் பன்னிரண்டு மணி நேரம் புகையில் வைத்தால் கருவாடாகத்தான் வரும். அதைக் கறிக்கே விடுங்கள்.

அந்தப் பொறுமையைச் சோதிக்கும் கட்டம் ஒன்று வரும். 65 வரை ஒழுங்காக ஏறிய எண், 65 க்கும் 75 க்கும் இடையில் எங்கேயோ பிடித்துவைத்த மாதிரி நின்றுவிடும். ஒரு மணி, இரண்டு மணி, சிலவேளை அதற்கும் மேல். வெப்பமானி பழுதில்லை. இறைச்சி வியர்க்கிறது. மேற்பரப்பில் ஆவியாகும் நீர் எடுத்துக்கொள்ளும் சூடும், அடுப்பு கொடுக்கும் சூடும் சமமாகிவிட்டன. ஆப் இந்த நேரத்தில் ‘இன்னும் 40 நிமிடம்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும், அதை நம்பி விருந்தினரை மேசைக்குக் கூப்பிட்டுவிடாதீர்கள். விரைவாகத் தாண்ட வேண்டுமானால் வாழையிலையில் இறுக்கிச் சுற்றி, மேலே அலுமினியத் தாள் போட்டு மூடுங்கள். ஆவி போக வழியில்லாததால் எண் மறுபடி ஏறும். தோல் மொறுமொறுப்புப் போகும், அதற்கு வருத்தப்படுகிறவர்கள் காத்திருக்கலாம்.

ஊசியைக் குத்தும் இடம் பிழைத்தால் ஆயிரம் டொலர்ச் சாமானும் பொய் சொல்லும். கோழியை மல்லாக்க வையுங்கள், கழுத்துப் பக்கம் உங்களைப் பார்த்து இருக்கட்டும். நெஞ்சின் மிகத் தடித்த இடத்தை விரலால் அமர்த்திப் பாருங்கள், கழுத்துக்குச் சற்றுப் பக்கத்தில் மேடாக இருக்கும். ஊசியை அந்த மேட்டுக்குள் முன்னிருந்து பின்னாக, வலைக்குச் சமாந்தரமாக அனுப்புங்கள். எலும்பில் முட்டினால் ஒரு விரல் பின்னே இழுங்கள். வயிற்றுக் குழிக்குள் நுனி எட்டிவிட்டால் அங்கே உள்ள சூடான காற்றைத்தான் அளக்கும், எண் திடீரென்று பாயும். இறக்குவதற்கு முன் கை வெப்பமானியால் மற்ற நெஞ்சிலும், தொடை உடம்போடு சேரும் இடுக்கிலும் குத்திப் பாருங்கள். மூன்றில் எது குறைவோ அதுதான் உங்கள் எண். ஆட்டுக்கால் போன்ற பெரிய துண்டு இறக்கிய பிறகும் உள்ளே மூன்று முதல் ஆறு பாகை ஏறும், கணக்கில் வையுங்கள்.

பாறை மீனுக்குத் தலைக்குப் பின்னால், முதுகுத் தசை தடித்த இடத்தில், நடுமுள்ளை நோக்கிச் சாய்வாக. முள்ளைத் தொட்டதும் சற்றுப் பின்வாங்கி வாசியுங்கள். 63 அமெரிக்கப் பரிந்துரைப்படி. 58 இல் இறக்கி மூடி வைத்தால் ஓரளவு அதற்குப் பக்கத்தில் போய் நிற்கும், சதையும் வரளாது. ஆனால் விடுதியில் சின்னப் பிள்ளைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் இருந்தால் 63 ஐ எண்ணில் பார்த்துவிட்டே இறக்குங்கள்.

மீன் விடயத்தில் வெப்பமானிக்கு அடுப்பைவிட முக்கியமான வேலை ஒன்று உண்டு. சூரை, கெலவல்லை வகை மீன்கள் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் உண்டாகும். அது எந்தத் தணலுக்கும் அழியாது, 63 என்ன 100 பாகை போனாலும் இருக்கும். சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, தலை வெடித்து, உடம்பில் தடிப்புப் போடும். கை வெப்பமானியை ஐஸ் பெட்டிக்குள்ளும் ஒருமுறை குத்திப் பாருங்கள். மீனின் நடுவில் 4 பாகைக்கு மேல் இருந்தால் ஐஸ் போதாது. துறையில் வாங்கிய மீனை மோட்டார்சைக்கிள் பின்னால் கட்டிக்கொண்டு ஊர் சுற்றி வருகிற பழக்கம் இருந்தால் அதை விடுங்கள்.

வெப்பமானி வந்து சேர்ந்ததும் முதல் வேலை சோதனை. ஐஸை நொறுக்கி ஒரு கிளாஸை நிரப்பி, இடைவெளி நிரம்புமளவு மட்டும் தண்ணீர் விட்டுக் கிளறி, நுனி அடியையோ ஓரத்தையோ தொடாமல் நடுவில் பிடியுங்கள். 0 காட்ட வேண்டும், ஒரு பாகை அங்கே இங்கே பரவாயில்லை. கொதிநீரில் 100 காட்ட வேண்டும். திருகோணமலை கடல் மட்டத்தில் இருப்பதால் இந்தச் சோதனை நமக்குச் சுலபம். இதையே நுவரெலியாவில் செய்தால் 94 அளவிலேயே தண்ணீர் கொதித்துவிடும், வெப்பமானியைக் குறை சொல்வார்கள். கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணற்றிலும் வாளி விட்டுக் குளித்த எவரும் எது கூடச் சூடு என்று கையாலேயே சொல்வார். எத்தனை பாகை என்று சொல்ல மாட்டார், அதற்குத்தான் இவ்வளவு பாடும்.

உப்புக் காற்றில் பற்றரி முனைகள் பச்சை பிடிக்கும். மாரி தொடங்கி விடுதியை மூடும்போது ட்ரிபிள் ஏ பற்றரிகளைக் கழற்றிவிட்டு, இறுக்கமான டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பையோடு போட்டு வையுங்கள். வாலில்லா ஊசி வாங்கினால் அதன் சார்ஜ் முனையில் புகைக் கறை படியும். ஸ்பிரிட்டால் துடைக்காவிட்டால் இரவு முழுக்கப் பெட்டியில் கிடந்தும் காலையில் வெறுமையாக இருக்கும்.

அக்காவுக்குச் சொல்ல வேண்டியது: செல்சியஸுக்கு மாற்ற முடியுமா என்று பார்க்கட்டும், கூடவே மேலதிக ஊசி இரண்டு வாங்கட்டும். இங்கே உதிரி தேடி அலைய முடியாது, உத்தரவாதத்துக்கு அனுப்பும் தபால் செலவுக்கு இன்னொன்று வாங்கலாம். லித்தியம் பற்றரி உள்ளதைக் கைப்பையில் கொண்டு வரட்டும், பெரிய பெட்டிக்குள் போட வேண்டாம்.

வாலில்லா ஊசியை நான் முழுதாகத் தள்ளவில்லை என்பதற்கு ஒரு காரணம் சொல்கிறேன். அடுத்த வருடம் கம்பியில் கோர்த்துச் சுற்றும் அடுப்பு செய்யப் போவதாக எழுதியிருந்தீர்கள். சுற்றுகிற இறைச்சியில் வயர் ஊசி குத்தினால் அரை நிமிடத்தில் வயர் கம்பியைச் சுற்றி இறுகிவிடும். அங்கே வாலில்லா ஊசியைத் தவிர வேறு வழியில்லை. அந்த அடுப்பு ஆன பிறகு வாங்குங்கள், முழு ஆடு போட்டால் ஒன்றைப் பின்தொடையிலும் மற்றதைத் தோளிலும் என்று இரண்டாக.